பின்னறைக்குப் போன செய்தி

"டிவியை நிறுத்திட்டா அதுல இருக்கறவங்கல்லாம் எங்கப்பா நிப்பாங்க?" என்று என் மகன் சின்ன வயதில் ஒருமுறை கேட்டான். நான் கடையில், டிவியில் வருவதைப் பதிவு செய்கிற ரெக்கார்டர் ஒன்றைப் பிரித்துவைத்துக்கொண்டிருந்தேன். "உள்ளேயே நிப்பாங்க, போய்ப் படி" என்றேன். டிவி, ரெக்கார்டர் பழுது பார்க்கிறவன் பிள்ளை கேட்கிற கேள்விதான். விசேஷம் ஒன்றுமில்லை இன்ஸ்பெக்டர் ஐயா.

ஒரே வீட்டில் எதற்கு இரண்டு ரெக்கார்டர், சுவரில் எதற்கு ஓட்டை என்று கேட்டீர்கள். அதனால் சொல்கிறேன். தன் அக்காவை, அதாவது என் மனைவியை, நான் ஏமாற்றிக் கொன்றுவிட்டதாக என் மச்சினர் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் கோபக்காரர், ஆனால் பொய் பேசமாட்டார். நான் விளக்கினால் உங்களுக்கு நியாயம் புரியும்.

என் மனைவிக்கு இதயம் பலவீனம். பின்னறையில் கட்டிலோடுதான் இருந்தாள். மகன் மலையைக் குடைந்து பாதை போடுகிற வேலையில் இருந்தான். சுரங்கம் சரிந்து அவனும் கூட இருந்தவர்களும் உள்ளே சிக்கிக்கொண்ட அன்று, எல்லாச் சேனலிலும் அதுதான் ஓடியது. பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு மூச்சு முட்டிவிட்டது. டாக்டர் வந்தார். "அதிர்ச்சி மட்டும் ஆகாது. நல்லதோ கெட்டதோ, பக்குவமா சொல்லுங்க" என்றார்.

பக்குவத்துக்குத்தான் ஐயா நான் வழி செய்தேன். முன்னறை ரெக்கார்டரில் இருந்த சின்ன ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றைப் போட்டேன். பல நாள் செய்தி அதில் தங்கும். கடையில் கிடந்த இன்னொரு ரெக்கார்டரைப் பின்னறை டிவியோடு சேர்த்து, சுவரைத் துளைத்து நெட்வொர்க் வயர் இழுத்தேன். பின்னறைக்குப் போகும் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். முன்னறையில் பதிவானதை முதலில் நான் பார்ப்பேன், அவள் பிறகு பார்ப்பாள். அரிசியில் கல் பொறுக்கிக் கொடுப்பது போலத்தான். திரையில் தேதி ஓடும் அடிப்பகுதியில் கறுப்பு டேப் ஒட்டி, அங்கே பழுது என்றேன். அவள் போனையும் ரிப்பேர் என்று கடைக்குக் கொண்டுபோய்விட்டேன். வீட்டில் மெக்கானிக் இருந்தால் எல்லாச் சாமானும் பழுதாகத்தான் இருக்கும் என்று அவளே சிரித்தாள்.

முதலில் ஒரு மணி நேரம் தாமதம். பிறகு ஒரு நாள்.

அப்படி இருக்கும்போதுதான் அவர்களை வெளியே எடுத்தார்கள். மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். முன்னறையில் சத்தமில்லாமல் பார்த்தேன். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு மீட்புத் தொழிலாளி கையாலேயே மண்ணைப் பறித்து என் மகனை இழுத்தெடுத்தார். மகன் கண்ணைத் திறந்தான். கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். கால் நசுங்கி ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, உறுதி சொல்ல முடியாது என்றார்கள். யோசித்தேன். பிள்ளை கிடைத்தான் என்று சொல்லி, மறுநாளே போய்விட்டான் என்றும் சொன்னால் எந்தத் தாய் தாங்குவாள்? கொடுத்துவிட்டுப் பிடுங்குவது பாவமில்லையா? முன்னறைப் பெட்டியில் இருப்பதெல்லாம் ரிமோட்டை அழுத்தினால் பின்னறை டிவியிலும் தெரியும். அதனால் அந்தப் பதிவை அழித்தேன், புதிதாக எதுவும் பதிவாகாமல் நிறுத்தினேன். அவ்வளவு பெரிய டிஸ்க்கில் நான் அழித்தது அது ஒன்றைத்தான்.

எங்கள் தெரு வேன்காரர் ஓடி வந்தார். "அண்ணியை மெத்தையோட தூக்கி வச்சு, பூ மாதிரி கொண்டு போறேண்ணே. ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத்துப் பாதைதானே" என்றார். "அவ உடம்பு தாங்காதுப்பா" என்று அனுப்பிவிட்டேன். வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நல்ல மனுஷர்.

ஆஸ்பத்திரியில் மகன் கேட்டான், "அம்மா பாத்தாளாப்பா? அவ பாப்பான்னுதான் கையைத் தூக்கினேன்."

"பாத்தாடா. ஒரே அழுகை."

"எப்ப வருவா?"

"வந்துக்கிட்டே இருக்கா."

"போன்லயாவது குடுங்கப்பா."

"லைன் கிடைக்கலடா."

மூன்று நாள் இருந்தான். அந்த மூன்று நாளும் நான் அவன் தலையைக் கோதினேன், கஞ்சி ஊட்டினேன், அவன் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினேன். மனைவியிடம் சுரங்கத்து வாசலில் போய் நிற்கப்போவதாகச் சொல்லி, விஷயத்தை அவளிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு வந்திருந்தேன். பிறகு அவன் காரியங்களை முடித்தேன். கடையில் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "இன்னும் தோண்டறாங்களாங்க?" என்று கேட்டாள். "தோண்டறாங்க" என்றேன்.

அதன் பிறகு பழைய பதிவுகளை மாற்றி மாற்றிப் போட்டேன். அவள் விடாமல் பார்த்தாள். தோண்டுகிற ஒவ்வொருவருக்காகவும் கைகூப்பி வேண்டிக்கொண்டாள்.

"ஏங்க, செய்தி சொல்ற பொண்ணு எப்பவும் இதே கம்மலைத்தானே போடுது?"

"டிவி ஆபீஸ்ல கம்மலுக்குத் தனியா சம்பளமா குடுக்கறான்?"

"கஞ்சப் பசங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரித்ததை மச்சினர் எழுதியிருக்கமாட்டார்.

நாள் போகப் போகச் சாப்பாடு குறைந்தது. பிள்ளை உள்ளே பட்டினி கிடக்கும்போது தொண்டையில் இறங்கவில்லை என்றாள். ஒருநாள் திரையில் அந்த மஞ்சள் தொப்பிக்காரரைக் காட்டினாள். "பாவங்க, கிழிஞ்ச சட்டையோடவே நிக்கறாரு. நம்ம பையனோட நீலச் சட்டை பொட்டியில சும்மாத்தான கெடக்கு? கொண்டு போய்க் குடுங்க. அவன் வந்தா வேற வாங்கிக்கலாம்."

சட்டையை எடுத்துப்போய்க் கடையில் வைத்தேன். கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். மறுநாளும் அவர் கிழிந்த சட்டையோடுதான் மண்ணைப் பறித்தார், வேறென்ன செய்வார்.

"போடலையே?"

"துவைக்கப் போட்டிருப்பாரு."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, அளவு சேரலையோ என்னமோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சில நாளில் ஒரு விடியற்காலை, டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். அதிர்ச்சி எதுவும் இல்லை ஐயா. டாக்டர் சொன்னது போலவே.

டாக்டர் சொன்னது "பக்குவமா சொல்லுங்க" என்று. சொல்லவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். அவள் இதயத்துக்காக என்று நான் இதுவரை சொன்னதெல்லாம் பாதி. மகன் செத்தது முன்னறையில் மட்டும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவனை இன்னும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் கடை மூடியதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து நானும் காத்திருந்தேன், நானும் வேண்டிக்கொண்டேன். அவளிடம் சொல்லிவிட்டால் எனக்குப் போக அந்த வீட்டில் வேறு அறை இல்லை. அதற்காக அவளைப் பட்டினி போட்டேன். கடவுள் எங்களுக்குக் கொடுத்தது மூன்று நாள். அதில் அவள் பங்கையும் சேர்த்து நானே எடுத்துக்கொண்டேன்.

அவள் காரியம் முடிந்த பிறகு விசாரித்து அந்தத் தொழிலாளியின் குடியிருப்புக்குப் போனேன். நல்ல வெயில். வீட்டில் யாரும் இல்லை. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. நீலச் சட்டையை உதறி அதோடு ஒன்றாகப் போட்டுக் கிளிப் மாட்டினேன். அவர் மீட்டுத் தந்த மூன்று நாளுக்கு வேறென்ன கொடுப்பது? யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து காலிக் கட்டிலுக்கு எதிரே நின்று, "குடுத்துட்டேன்" என்றேன். சுரங்கம் சரிந்த நாளிலிருந்து நான் அவளிடம் சொன்ன முதல் உண்மை அதுதான்.