இருபது பாகத்துக்கு அப்பால்

மீன்காரர் கொடுத்த ஐஸில் மீனைத்தான் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் அதன்மேல் ஃபஸ் பெடலை வைத்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். பெயர் சுப்பராயன். வயது எழுபத்தொன்று. ராயபுரத்தில் ரேடியோ ரிப்பேர். ஃபஸ் பெடல் என்றால் காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி. எலெக்ட்ரிக் கித்தாரை அதில் சொருகி மிதித்தால் சத்தம் கரகரத்துக் கிழியும். அறுபத்தொன்பதில் துறைமுகத்தில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு கிரேக்கக் கப்பலில் ஒரு மாலுமி அப்படி ஒரே ஒரு தடவை மீட்டினான். தகரத்தில் தேன் தடவிக் கிழித்த மாதிரி இருந்தது. முப்பத்து மூன்று வருஷம் அந்தச் சத்தம் என் காதில் குடியிருந்தது. காலி செய்யச் சொன்னாலும் போகவில்லை.

பெட்டிக்கு அலுமினிய டிபன் பாக்ஸ். மிதிக்கிற பித்தானுக்கு டேபிள் லாம்ப் சுவிட்ச். பேட்டரி மட்டும் புதிதாக இருக்கக் கூடாது, பாதி செத்ததில்தான் ருசி. இதெல்லாம் யாரும் செய்துவிடலாம். உயிர் டிரான்சிஸ்டரில் இருக்கிறது. இரண்டு வேண்டும். சிலிக்கான் ஆகாது, அது கத்தும். ஜெர்மானியம்தான் பாடும். அது பழைய ரேடியோவுக்குள்தான் கிடைக்கும். அதிலும் ஒன்று எண்பது மடங்கு பெருக்க வேண்டும், மற்றது நூற்றுப்பத்து. நாலு வருஷத்தில் நூற்று நாற்பது ரேடியோவைத் திறந்து அளந்தேன். ஒன்று ஊமையாக இருக்கும், இல்லாவிட்டால் கரண்ட் ஒழுகும்.

சிலுவைமுத்துவின் ரேடியோவில் இரண்டும் இருந்தன. எண்பது, நூற்றுப்பத்து. மீட்டரைத் தட்டிப் பார்த்தேன், முள் அந்த அளவை விட்டு அசையவில்லை.

சிலுவைமுத்து காசிமேட்டு மீனவன். மகள் ஹில்டாவின் புருஷன் சாவியோவைச் சேர்த்துக்கொண்டு ஃபைபர் படகில் போவான். ரேடியோவை டயல் கயிறு மாற்றத்தான் கொண்டுவந்தான். ஜெர்மானியத்துக்கு வெயில் ஆகாது, உச்சிவேளையில் மௌனவிரதம் பிடிக்கும் என்று நான் சொன்னதைக் கேட்டு, தினம் ஒரு கட்டி ஐஸ் கொடுத்தவனும் அவன்தான்.

நான் திருடவில்லை. இரண்டை எடுத்தேன், இரண்டு புது சிலிக்கான் வைத்தேன். டயல் கயிறும் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்குப் பெடலை மிதித்ததும் எங்கள் தெரு நாய்கள் பதினொன்றும் எழுந்து வரிசையாக எண்ணூர் பக்கம் நடந்துபோயின. இரண்டு நாய் இன்னும் திரும்பவில்லை. விசாரித்துக்கொள்ளலாம்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு மாமனாரும் மருமகனும் கடைக்கு வந்தார்கள்.

"இன்னா நைனா, நீ ரிப்பேர் பண்ண ரேடியோ கரையில கீற வரைக்கும் நல்லா பாடுது. இருபது பாகம் தாண்டுனா வாயத் தொறக்க மாட்டேன்னுது" என்றான் சிலுவைமுத்து. பாகம் என்பது அவர்கள் ஆழத்தை அளக்கிற கணக்கு. இருபது பாகம் என்றால் கரை கண்ணுக்குத் தெரியாத தூரம்.

"செல்லு மாத்து, சிலுவை."

"புச்சு செல்லு, நைனா. உன் கடையில மட்டும் கத்துது. நீ சோறு போட்டு வளத்த பூனையா இது?"

"மாமா, டைம் ஆவுது" என்றான் சாவியோ. "மத்தவன்லாம் விடிகாலையே போய்ட்டான். பெருசு சொன்னா கரீட்டாத்தான் இருக்கும், வா."

"வந்து தொறந்து காட்டணும், நைனா. பக்கத்துலயே குந்திகினு பாப்பேன்" என்று சொல்லிவிட்டு சிலுவைமுத்து போனான்.

மூன்று நாள் கழித்துப் படகு மட்டும் பழவேற்காட்டில் ஒதுங்கியது. ரேடியோ பிளாஸ்டிக் உறைக்குள் நனையாமல் கட்டிக் கிடந்தது. ஹில்டா அதை மண்ணடியில் கலீலுல்லாவிடம் கொண்டுபோய்த் திறக்கச் சொன்னாள். அவர் நல்ல மெக்கானிக். ஜெர்மானியத்தின் தகர மூடி இருக்க வேண்டிய இடத்தில் சிலிக்கானின் பிளாஸ்டிக் தலையைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். அப்படித்தான் நான் ஸ்டேஷனில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் நல்லவர், சார். கிழவன் என்று பார்த்து, 'கவனக்குறைவாக மாற்றுப் பாகம் பொருத்தியதில்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். முப்பது வருஷமாக என் கடையில் கவனக்குறைவு நடந்ததில்லை.

ஜெர்மானியம் மெல்லத் தட்டினாலே கதவைத் திறக்கும். சிலிக்கான் மூன்று மடங்கு பலமாகத் தட்டினால்தான் திறக்கும். கரையில் வானொலி நிலையம் பக்கத்தில் இருக்கிறது, பலமாகத் தட்டும். நடுக்கடலுக்கு வருகிற சத்தம் மெலிசு. கதவு திறக்காது. இது படித்தவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சாலிடர் வைக்கும்போதே தெரியும்.

அதற்கு மேலும் உண்டு. அன்றைக்கு என் கடை ரேடியோவில் மத்தியானச் செய்தியில் தாழ்வு மண்டலம் என்று சொன்னார்கள். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம், போனவர்கள் திரும்பவும் என்றார்கள். விடிகாலையில் போன படகெல்லாம் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பின. செய்தி நேரத்தில் சிலுவைமுத்துவின் படகு கரையில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தது, ரேடியோ உறைக்குள் கட்டிக் கிடந்தது. என் கடைக்கு வந்ததால் ஆன தாமதம். சைக்கிளில் போனால் ஐந்து நிமிஷம். சைக்கிள் வாசலிலேயே நின்றது, காற்றும் இருந்தது.

ஏறிப் போய்ச் சொல்லியிருந்தால் அவன் படகை இழுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலமே ரேடியோவோடு வந்து பக்கத்தில் குந்தியிருப்பான். திறந்தால் பார்த்துவிடுவான். பார்த்தால் திருப்பிக் கேட்பான். முப்பத்து மூன்று வருஷம் தேடியதை நான் திருப்பிக் கொடுக்கிறதாக இல்லை. ஆகையால் கடை ரேடியோவை நிறுத்திவிட்டு, கித்தாரைச் சொருகிப் பெடலை மிதித்தேன். பக்கத்துக் கடையில் கேளுங்கள். மூன்று மணி வரைக்கும் வாசித்தேன்.

இப்போது சரியாக எழுதிவிட்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன். பெடலின் டிபன் பாக்ஸைத் திறக்க மட்டும் யாரையும் விடாதீர்கள், கைச்சூடு பட்டாலே அளவு மாறிவிடும்.

ஹில்டா வெளியே உட்கார்ந்திருக்கிறாள் போலிருக்கிறது. என் ரிப்பேரில் குறை இருக்கிறது என்று அவள் சொல்லியிருந்தால் அது பொய். ரேடியோவைக் கரையில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள், சார். இன்னும் பாடும்.