தேர் மூலையில் தொங்கும் சட்டை

யாருய்யா அது, தேர் மூலையில எவனோ பிள்ளைச் சட்டைய மறந்து மாட்டிட்டுப் போயிட்டாம்னு சொன்னது? நீங்கதானா? வெளியூரா? அதான பாத்தேன். போன வருசமும் ஒருத்தன் இப்படித்தான், உபகாரம் பண்ணுதேன்னு கம்பெடுத்துத் தட்டிவிடப் போயிட்டான். ஊரே அவன்மேல பாய்ஞ்சிட்டு. தேர் கெளம்ப இன்னும் நேரம் கெடக்கு. இங்ஙன நெழலுக்கு வாங்க, சொல்லுதேன். நடுவுல அது எப்படி, இது எப்படின்னு கேக்கப்படாது. எனக்கே பாதி வெளங்காது.

எங்க அப்பனுக்கு அப்பன், அவனுக்கும் அப்பன் மண்ணுல தவழ்ந்த காலம். இதே நெடுவிளையில செம்பகவடிவுன்னு ஒருத்தி இருந்தா. எங்க வம்சத்துல பொறந்தவ, புருசன் இல்லாதவ. நெட்டையா இருப்பாளாம். இல்ல, குட்டைம்பா எங்க சித்தி. என்ன எழவோ! ஊசி பிடிச்சா கை நிக்காது, அதுல மட்டும் ரெண்டு பேச்சு கெடையாது.

அந்த வருசம் கோடைன்னா கோடை, அப்படியொரு கோடை. பிள்ளைகளுக்கு மேலெல்லாம் வேனக்கட்டி. அந்தக் காலத்துத் துணி முரட்டுத்துணி. போட்டா உரசுது, அலறுது. கழத்துனா வெயில் சுடுது, அலறுது. போடவா, கழத்தவா? தாய்மாருக்கு ஒண்ணும் வெளங்கல. போடுவாளாம், கழத்துவாளாம். கழத்துவாளாம், திரும்பப் போடுவாளாம்.

அப்பம் பாத்து சித்திரைத் தேருக்குப் புதுச்சீலை வந்திட்டு. தேரைச் சுத்திக் கட்டியிருக்கே செவப்பும் வெள்ளையுமா, அதான் தேர்ச்சீலை. அப்பமெல்லாம் ரொம்ப வருசம் ஒரே சீலையக் கட்டுவாங்க, நைஞ்சு போனாத்தான் மாத்துவாங்க. பழச என்ன செய்ய? அம்மன் உடுத்தினது, மனுசன் தொடப்படாதுன்னு கோயில் குளத்துல விட்டிருவாங்க. அந்த வருசமும் விட்டாங்க.

மத்தியானம் தண்ணிக்குப் போன செம்பகவடிவு கால்ல அது வந்து சுத்திச்சாம். குனிஞ்சு எடுத்தா. கையில பட்டதும் அப்படியே நின்னுட்டாளாம். எத்தன மழையில நனைஞ்சு, எத்தன வெயில்ல காஞ்ச துணி! பச்சப்பிள்ளை கன்னம் மாதிரி இருந்திச்சாம். சுருட்டுனா, இடுக்குனா, குடத்தப் படித்துறையிலயே மறந்திட்டு வீட்டுக்கு வந்திட்டா.

வெட்டுனா, தச்சா. தச்சா, வெட்டுனா. கையில்லாத சட்டை, தோள்ல ரெண்டு பக்கமும் நாடா முடிச்சு. கட்டி மேல தையல் உரசிரப்படாதுன்னு தையல வெளிப்பக்கமா வச்சாளாம். மேல பாருங்க, அந்தச் சட்டை உள்ள வெளிய திருப்பிப் போட்டாப்புல இல்ல? அது குத்தமில்ல, அவ வச்ச கணக்கு. தெருத்தெருவாப் போயி பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டா. அழுக நின்னுச்சாம்.

மறுநாள் விடிஞ்சு பாத்தா, தெருவுல அம்மன் சீலை ஓடுது! ஊருக்குத் தலையும் புரியல, காலும் புரியல. ஒருத்தி மகன அடிக்கக் கம்ப ஓங்கிட்டா. சட்டையப் பாத்திட்டா. கம்பு அந்தரத்துல நிக்கி. "எக்கா, இப்பம் அடிச்சா பிள்ளைய அடிச்சதா, அம்மன அடிச்சதா?" அந்தப் பக்கம் ஒரு கெழவன் பேரன் கால்ல விழுந்திட்டான். பேரன் பயந்துபோயி அவனும் தாத்தா கால்ல விழுந்திட்டான். யாரு யாரக் கும்பிடுதாம்னு ஒருத்தருக்கும் தெரியல. பிள்ளைகளுக்குக் கேக்கணுமா? மாந்தோப்பு காலி!

ஊர்க்கூட்டம் போட்டாங்க. நல்லபெருமாள்னு ஊர்த்தலைவர், கோவக்காரர். "ஏட்டி, மனுசன் தொடப்படாத துணிய நீ எப்படி வெட்டலாம்? எல்லாச் சட்டையயும் கழத்திக் குளத்துல போடுங்கலே. இவ இன்னைக்கே ஊர் எல்லையத் தாண்டணும்"னாராம். அவளுக்குப் போக்கிடம் ஏது? மடியில எதையோ வச்சு அமுக்கிக்கிட்டு, தலை குனிஞ்சு நின்னாளாம்.

பூசாரி கொம்பையா குறுக்க விழுந்தாரு. "அம்மன்ட்ட ஒரு வார்த்த கேக்காண்டாமா?" செவப்புப் பூவ ஒரு பொட்டலம், வெள்ளப் பூவ ஒரு பொட்டலம் கட்டிப் போட்டாரு. ஒரு சின்னப் பிள்ள எடுத்துக் குடுத்திச்சு. பிரிச்சா, வெள்ள!

"வெள்ளன்னா என்ன வே?"

கொம்பையா முழிக்காராம். "வெள்ளன்னா... போகணும். இல்ல இல்ல, இருக்கணும். நான் மொதல்ல என்ன சொன்னேன்?"

"நீரு ஒண்ணுமே சொல்லலயே ஓய்!"

பதட்டத்துல எதுக்கு எந்தப் பூன்னு சொல்லாமலே கட்டிப் போட்டுட்டாரு மனுசன். பாதி ஊரு போகணும்ங்கு, பாதி ஊரு இருக்கணும்ங்கு. இன்னைக்கும் கீழத்தெரு ஒண்ணு சொல்லும், மேலத்தெரு ஒண்ணு சொல்லும். என்னைக் கேக்காதீங்க.

நல்லபெருமாளுக்கு வந்திச்சே கோவம். "பூவும் வேண்டாம், காயும் வேண்டாம். கழத்துங்கலே சட்டைய!" யாரு கழத்த? மனுசன் தொடப்படாதுன்னு இப்பந்தான அவரே சொன்னாரு. ஒருத்தன் கையும் நீளல.

அப்பம் அவரு மருமக ஆவுடை கூட்டத்த வெலக்கிக்கிட்டு வந்தா. தோள்ல பிள்ள. பிள்ள மேல அதே சட்டை! "மாமா, மொதல்ல உங்க பேரனுக்குக் கழத்துங்க. ராத்திரி ராத்திரியாக் கத்துன பிள்ள, இப்பந்தான் உறங்குது. மனசு வந்தா கழத்துங்க"ன்னாளாம்.

நல்லபெருமாள் கைய நீட்டுனாராம். தோள் முடிச்சத் தொட்டாராம். பேரன் உறக்கத்துல சிரிச்சானாம். அவ்வளவுதான். முடிச்ச இழுக்கவும் தெரியல, கைய எடுக்கவும் தெரியல, அப்படியே நின்னுட்டாரு.

கடைசியில செம்பகவடிவப் பாத்துக் கேட்டாராம், "எல்லாப் பிள்ளைக்கும் குடுத்திட்டியே. மடியில என்ன வச்சிருக்க?"

எடுத்துக் காட்டுனா. இன்னொரு சட்டை. "இது யாருக்கு?"

"எம்பிள்ளைக்கு மாமா. போன கோடையில வேனக்கட்டியோட போனாம்லா, அவனுக்கு. முரட்டுத்துணியச் சுத்தித்தான் பொதைச்சோம். அங்கயும் அவனுக்கு உரசுமேன்னு..."

கூட்டத்துல இருந்த பொம்பளைக அத்தன பேரும் அழுதுட்டாங்க.

நல்லபெருமாள் அந்தச் சட்டைய வாங்குனாரு. நேரா தேருக்குப் போனாரு. அந்தா, அந்த மூலையில அவரு கையாலயே கட்டுனாரு. "உம்பிள்ள தேர்லயே வரட்டும் தாயி. நீ வீட்டுக்குப் போ"ன்னாராம்.

அன்னையிலருந்து எங்க ஊர்ல பழைய சீலைய யாரும் குளத்துல விடுறதில்ல. கோடை வந்தா அதுலதான் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்போம், தையல் வெளிப்பக்கமாத்தான் இருக்கும். மொதச் சட்டை தேர் மூலைக்கு.

ஆங், கொட்டுச் சத்தம் கேட்டிட்டு. வாங்க, நீங்களும் வடத்தப் பிடிங்க. தேர் தெரு முக்குத் திரும்பும்போது எல்லாரும் ஒண்ணாச் சத்தம் போடுவோம், நீங்களும் போடணும்: "மெல்ல இழுங்கய்யா, மேல பிள்ள இருக்கான்!"