லிமிட்டை வெட்டினது யாரு?

தம்பி: போன் பண்ணியிருக்கலாம்லக்கா. ஆபீசுக்கே வந்து நிக்கணுமா?

அக்கா: பண்ணேனே. உனக்கில்ல, உன் கம்பெனிக்கு. முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டாங்க. அப்புறம் ஒரு பொண்ணு வந்து பிறந்த தேதி கேட்டா, சொன்னேன். அம்மா பேரு கேட்டா, சொன்னேன். என் கிரெடிட் கார்டு லிமிட்டை ஏன் வெட்டினீங்கன்னு நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அது கம்பெனியோட உள்விவகாரமாம்.

தம்பி: மெதுவா பேசுக்கா. இந்த ரூமுக்குக் கண்ணாடிச் சுவருதான்.

அக்கா: கேக்கட்டும். இருபத்திரெண்டு பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு தினம் ஸ்கூல் வேன் ஓட்டுறவ தொண்டை இப்படித்தான் இருக்கும்.

தம்பி: சரி... உக்காரு முதல்ல. என்ன ஆச்சு?

அக்கா: வேன் போச்சு.

தம்பி: ஓட்டுற வேனா?

அக்கா: அது முதலாளி வேன்டா, அது எங்க போகும். நான் வாங்க இருந்த வேன். சொந்தமா ஒண்ணு கொண்டு வந்தா அடுத்த டெர்ம்லேர்ந்து ரூட்டை உனக்கே தரேன்னு பிரின்சிபாலம்மா சொன்னாங்களே, அதுக்கு. மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய் அடியில படுத்துப் பாக்கச் சொன்னேன். இன்ஜின் கல்லு மாதிரி இருக்குன்னான். லோன் ஒண்ணுதான் பாக்கி.

தம்பி: தர மாட்டேன்னுட்டாங்களா?

அக்கா: பேங்க் மேனேஜர் நல்ல மனுஷன்தான். போன மாசம் என் கிரெடிட் ஸ்கோர் பாத்தாரு, எழுநூத்தி எண்பது. கண்ணை மூடிட்டுக் கொடுக்கலாம்னாரு. இந்த மாசம் கையெழுத்துப் போடப் போனா நிமிந்தே பாக்கல. அறுநூத்தித் தொண்ணூறுக்கு வந்துடுச்சேம்மா, என்ன பண்ணீங்கன்னு கேக்குறாரு. திருடி மாட்டிக்கிட்டவ மாதிரி நின்னேன்.

தம்பி: ஏதாவது ஒரு மாசம் தவணை தவறி...

அக்கா: அதை நீ கேக்காத. பதினோரு வருஷமா ஒரு நாள் தவறினதில்ல. காய்ச்சல்ல கிடந்தப்பகூட மாமாவை எழுப்பி விட்டுக் கட்டச் சொன்னவ நான்.

தம்பி: சரிக்கா, கேட்டது தப்பு.

அக்கா: மேனேஜர்தான் திரையைத் திருப்பிக் காட்டினாரு. மூணு லட்சம் லிமிட்டுல தொண்ணூறாயிரம் பாக்கி இருந்துச்சு...

தம்பி: தொண்ணூறாயிரமா? எதுக்கு அவ்வளவு?

அக்கா: ஒரு செலவு. உனக்கெதுக்கு? தவணையாக் கட்டிட்டுத்தான் வரேன். உன் கம்பெனி லிமிட்டை ஒரு லட்சமா வெட்டிடுச்சு. என் பாக்கி ஒரு பைசா ஏறல. ஆனா நேத்து வரைக்கும் பத்துல மூணு பங்கு எடுத்தவ, இன்னிக்கு பத்துல ஒம்பது பங்கு எடுத்தவளா ஆயிட்டேன். கழுத்து வரைக்கும் கடன்ல முங்கினவளாம் நான்.

தம்பி: ஆமா... ஸ்கோரு அப்படித்தான் கணக்குப் போடும்.

அக்கா: என் வீட்டுச் சுவரை நீங்க இடிப்பீங்க. அப்புறம் வீட்டை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க.

தம்பி: மெசேஜ் வந்திருக்குமே.

அக்கா: வந்துச்சு. வெட்டி நாலு நாள் கழிச்சு. உங்கள் நலன் கருதின்னு ஆரம்பிச்சுது. என் நலன்...

வரவேற்பாளர்: சார், இந்த ரூம் பத்து நிமிஷத்துல வேணும். மீட்டிங் இருக்கு.

தம்பி: முடிச்சிடுறோம்மா.

அக்கா: முடிச்சிடுறோமா? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

தம்பி: அக்கா, நானே ஒரு மனு எழுதித் தரேன். லிமிட்டைத் திரும்ப ஏத்தச் சொல்லலாம். ரெண்டு மாசத்துல ஸ்கோரும்...

அக்கா: ஸ்கூலு திங்கக்கிழமை திறக்குது. வேன் நேத்தே வேற ஆளுக்குப் போயிடுச்சு. ரூட்டைப் பழைய முதலாளிக்கே கொடுத்துட்டாங்க. அவர்கிட்டதான் மறுபடி சம்பளத்துக்குப் போகணும். விட்டுட்டுப் போறேன்னு சொன்னவ திரும்பி வந்தா எப்படிச் சிரிப்பாரு தெரியுமா? எனக்கு மனு வேணாம். ஏன்னு ஒரு பதில் வேணும்.

தம்பி: பல காரணம் இருக்கலாம்...

அக்கா: ஒரு வருஷமா இங்கதானடா வேலை பாக்குற? லிமிட்டு, கடன், எல்லாம் உன் செக்‌ஷன்தானே? வீட்டுக்கு வந்தா அதைப் பத்தியே பேசிக் கொல்லுவியே. இப்போ வாயில என்ன?

தம்பி: கார்டை எங்கெல்லாம் தேய்ச்ச?

அக்கா: டீசலு. டயரு. பெரியவளுக்கு பீஸு.

தம்பி: அதுக்கெல்லாம் வெட்ட மாட்டாங்களே...

அக்கா: பின்ன எதுக்கு வெட்டுவாங்க?

தம்பி: அதை வெளியில சொல்லக் கூடாதுக்கா.

அக்கா: நான் வெளி ஆளா?

தம்பி: சில விதி வெச்சிருக்கோம். கார்டுல ரொக்கமா எடுத்தா ஒண்ணு. ரெண்டு மூணு இடத்துல புதுசாக் கடன் கேட்டா ஒண்ணு. அப்புறம்... போன ரெண்டு வருஷத்துல, மூணு மாசம் தொடர்ந்து ஆஸ்பத்திரியில தேய்ச்சிருந்தா. அது உனக்குப் பொருந்தாது, விடு.

அக்கா: ஆஸ்பத்திரியா...

தம்பி: ஆமா. அந்த மாதிரி வீட்டுல வருமானம் நின்னுடுது, அப்புறம் கட்ட முடியாமப் போயிடுது. பல்லாயிரம் பேரோட கணக்கை அலசிப் பாத்துதான் முடிவு பண்ணது.

அக்கா: அந்தப் பல்லாயிரம் பேருல ஒழுங்காக் கட்டுறவங்களும் இருப்பாங்கல்ல?

தம்பி: இருப்பாங்க. ஆனா அதுக்குன்னு காத்திருக்க முடியாதுக்கா. கட்டாமப் போறதுக்கு முன்னாடியே வெட்டிடணும். அதான் வேலையே.

அக்கா: வீட்டுல ஒருத்தன் படுத்துட்டான்னு நாயா அலைஞ்சு, சோத்தைக் குறைச்சு, தேதி தவறாமக் கட்டுறவ இருக்கா. அவ கையைப் பாத்து வெட்டுறதுக்குப் பேரு வேலை. எழுதினவன் யாருடா?

தம்பி: அது ஒரு டீம்...

அக்கா: டீமுக்குக் கை இருக்கா? ஒரு ஆளுதான் உக்காந்து எழுதியிருப்பான். கூப்பிடு அவனை. அந்தப் பொண்ணு கொடுத்த பத்து நிமிஷத்துல இன்னும் மிச்சம் இருக்கு.

தம்பி: கூப்பிட முடியாதுக்கா.

அக்கா: அவ்வளவு பெரிய ஆளா?

தம்பி: இல்ல... நான்தான். மூணு மாசம் முன்னாடி எழுதினேன். பிரமோஷன்னு உங்க எல்லாரையும் ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனேனே, அது இதுக்காகத்தான் கொடுத்தாங்க. நீ என்னை என்ன வேணா திட்டு. ஆனா உன் பேரு அதுல எப்படி வந்துச்சுன்னு நிஜமாவே புரியலக்கா. நீ எப்போ மூணு மாசம் ஆஸ்பத்திரிக்குப் போன?

அக்கா: நான் எங்கடா போனேன், நீதான் போன. இங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி, இடுப்பு ஒடைஞ்சு... மூணு மாசமும் அந்தக் கவுண்ட்டர்ல இந்தக் கார்டைத்தான் தேய்ச்சேன். உன்னை மோதின கார்க்காரன் மொத்தச் செலவையும் கொடுத்துட்டான்னு சொன்னேன்ல? அவன் நிக்கவே இல்லடா. வண்டி நம்பரைக்கூட யாரும் பாக்கல.