முக்காலுக்கு மேல்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, சார். பதினாறு வருஷம் கன்டெய்னர் பெட்டி தூக்குகிற ஸ்டாக்கர் வண்டி ஓட்டிய இடுப்புக்கு, முதுகுக்கு முட்டுக் கொடுக்கிற நாற்காலி அமைவது பெரிய பாக்கியம். ரைட்டர் ஐயா நிதானமாகவே எழுதட்டும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. யார்டில் இரண்டு வாரம் வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான் வந்தது பீம்ராவ் விஷயமாக. செவ்வாய்க்கிழமை திருவொற்றியூர் யார்டில் கன்டெய்னருக்கும் மதிலுக்கும் நடுவில் நசுங்கிச் செத்தானே, அவன். வண்டியை ஓட்டியவன் நான் என்பதால் கவனக்குறைவு என்று எழுதி, அன்றைக்கே ஜாமீனில் விட்டீர்கள். அதில் ஒரு தவறு இருக்கிறது. தவறைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. எந்தப் பெட்டி எந்த இடம் என்று அங்குலம் பிசகாமல் வைத்துப் பழகியவன் நான்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் கமாலுதீன் பாய் கேரம் கிளப் நடத்துகிறார். ஆறு வருஷத்துக்கு முன்னால், யாரும் வந்து எடுக்காத ஒரு பெட்டியின் சாமான்களை ஏலத்தில் எடுத்தார். அதற்குள் ஆளுயரத்துக்கு ஒரு வீடியோ கேம் மிஷின் இருந்தது. நாற்பது வருஷப் பழசு. அதை ஓட வைத்தவன் பீம்ராவ்தான். எங்கள் யார்டில் குளிர்பெட்டிகளுக்கு எலெக்ட்ரீஷியன் அவன். மீனும் இறாலும் வருகிற பெட்டிகளுக்கு பிளக் மாட்டுவதும் கழற்றுவதும் அவன் வேலை. இரண்டு மாதம் அந்த மிஷின் முன்னால் உட்கார்ந்து உயிர் கொடுத்தான். அவனுக்குச் சேர வேண்டிய பெயரை நான் மறைக்கவில்லை.

திரை முழுக்கக் கறுப்பு. சுற்றிலும் ஒரு வேலி. வேலிமேல் ஊர்கிற புள்ளிதான் நீங்கள். வேலியை விட்டு இறங்கி, கோடு இழுத்துக்கொண்டே போய், மறுபடி வேலியைத் தொட்டால் அடைத்த இடம் உங்களுடையது. ஆனால் நடுவில் ஒரு சனியன் நெளிந்துகொண்டிருக்கும். பாம்பு என்று பெயர் வைத்திருந்தோம். கோடு பாதியில் இருக்கும்போது அது வந்து தொட்டால் செத்தீர்கள். பயந்துபோய் நடுவில் நின்றால் உங்கள் கோட்டின் வாலிலேயே தீப்பிடித்து உங்களைத் தேடி வரும். வேகமாகவும் இழுக்கலாம், மெதுவாகவும் இழுக்கலாம். மெதுவாக இழுத்து அடைத்தால் பாயின்ட் இரட்டிப்பு. முக்கால்வாசி இடத்தை அடைத்துவிட்டால் அந்தக் கட்டம் முடிந்தது. முக்காலுக்கு மேல் எவ்வளவு அடைக்கிறீர்களோ, ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஆயிரம் பாயின்ட்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். முதல் இரண்டு கட்டம் யார் வேண்டுமானாலும் ஆடலாம். மூன்றாவதில் பாம்பு இரண்டாகும். அங்கேதான் பெரிய பெரிய வஸ்தாதுகள் எல்லாம் மிஷினை உதைத்துவிட்டுக் கேரம் போர்டுக்குத் திரும்பிப் போனார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் உதைத்ததே இல்லை. செத்த அடுத்த நொடியிலேயே கை எங்கே தப்பியது என்று எனக்குத் தெரிந்துவிடும். அடுத்த தரம் தப்பாது என்று தோன்றும். தப்பும். அப்போதும் எங்கே என்று தெரிந்துவிடும். இப்படித்தான் சார் ஆறு வருஷம் போனது. அடிமையாகிவிட்டேன் என்று சில்வியா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சில்வியா என் மனைவி. அடிமை என்றால் விட முடியாதவன். நான் விட நினைத்ததே இல்லை, அப்புறம் எப்படி அடிமை ஆவேன்?

நல்ல பாயின்ட் எடுத்தால் மூன்றெழுத்தில் பெயர் போடலாம். பீம்ராவ் தன் பெயரை வெட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் அதே கதிதான். என் பெயர் ஜோ. இங்கிலீஷில் சரியாக மூன்றெழுத்து, முழுதாக உட்காரும். போன வருஷம் ஈஸ்டருக்கு மறுநாள் நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் எடுத்தேன். அன்று முதல் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது அவனுடையது.

ஒரே சிக்கல். அந்த மிஷினுக்கு ஞாபகசக்தி கிடையாது. கரண்ட் போனால் பட்டியல் மொத்தமும் அழிந்துவிடும். அதனால் கிளப்பில் ஒரு கட்டுப்பாடு: அந்த பிளக்கை யாரும் தொடக்கூடாது. கரண்ட் கட்டுக்கு பாய் இன்வெர்ட்டர் போட்டிருந்தார். வெள்ளம் வந்த வருஷம் முழங்கால் தண்ணீரில் நாங்கள் நான்கு பேர் மிஷினை மேஜைமேல் தூக்கி வைத்தோம், பிளக்கைக் கழற்றாமலே. பீம்ராவும்தான் தூக்கினான்.

மார்ச் மாதம் சில்வியாவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன். கையெழுத்துப் போட நான் வரவேண்டும் என்று போன் வந்தது. அப்போது நான் ஆறாவது கட்டத்தில் இருந்தேன். ஆறாவது கட்டத்துக்கு வருஷத்தில் மூன்று தரம் போனால் அதிகம். கையெழுத்தை அவள் அண்ணன் ஹென்றி போட்டான். ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. ஆக, நான் போயிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். இதைச் சொன்னபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சமாதானம் ஆகிவிட்டாள் என்று நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போவது அவர் வழக்கம், பூட்டமாட்டார். மூன்று மணிக்கு நான் போனேன். திரை கறுப்பாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கி, வயரை எட்டு போல மடித்துச் சுற்றி, நுனியை நடுவில் சொருகி, சுவரில் இருந்த ஆணியில் மாட்டியிருந்தது. மறுபடி போட்டுப் பார்த்தேன். பட்டியலில் இருந்த பத்து இடத்திலும் முட்டை.

அந்தச் சுற்று யார்டு சுற்று, சார். குளிர்பெட்டி வயரை அப்படித்தான் சுற்றவேண்டும், இல்லாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். வெளி ஆள் யாருக்கும் அது வராது. கிளப்புக்கு வருகிறவர்களில் யார்டு ஆட்கள் இரண்டே பேர். நான் பிடுங்கவில்லை. அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? பட்டியல் அழிந்தால் இரண்டாவது ஆளுக்குத்தானே லாபம்.

ஆனாலும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று நான் செய்யவில்லை. திங்கட்கிழமை கேன்டீனில் அவனிடமே கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான்.

"நான் ஏன் மாமு புடுங்கப் போறேன்? போனா போவுது வுடு, மறுபடி ஆடு. கேம்தானே, உன் சொத்தா பூட்ச்சி?"

பிடுங்கவில்லை என்று சொன்னதோடு நிறுத்தியிருந்தால் நான் நம்பியிருக்கவும் கூடும். கேம்தானே என்றான். அது என் மனத்தில் தைத்துவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

கத்திரி வெயிலில் யார்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தரை தார் மாதிரி கொதிக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அடுக்கில் எங்காவது இடம் காலியாக இருந்தால் அந்த நிழலில் போய்ப் படுப்பார்கள். கூடாது என்று போர்டு இருக்கிறது. போர்டுக்கு அடியிலேயே படுப்பார்கள். பீம்ராவின் இடம் மேற்கு மதிலோரம். இடப்பக்கம் நான்கடுக்குப் பெட்டி, வலப்பக்கம் நான்கடுக்குப் பெட்டி, பின்னால் மதில். முன்பக்கம் மட்டும் திறப்பு, சரியாக ஒரு நாற்பதடிப் பெட்டியின் நீளம். அந்த மூலையைக் கேமராவும் பார்க்காது.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு ஒரு நாற்பதடிக் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவன் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பெட்டியை வாசலில் இறக்கினேன். இரண்டு முனையிலும் ஒரு சாண் இடைவெளி, அதற்கு மேல் இல்லை. சத்தத்தில் விழித்துக்கொண்டான் போல. நான் கவனிக்காமல் வைத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறான்.

"ஜோ, நான் உள்ள கீறேன்டா," என்றான். கோபம்கூட இல்லை குரலில்.

நான் தள்ள ஆரம்பித்தேன். மெதுவாகத்தான். காலிப் பெட்டியை வேகமாகத் தள்ளினால் தரையில் குதிக்கும், நேர்கோடு கலையும். கொஞ்சம் தள்ளுவேன், நிறுத்திக் கேட்பேன். அவன் இடப்பக்கம் ஓடுவது கேட்கும். அப்புறம் வலப்பக்கம். மிஷினைத் தொடவில்லை என்று கத்தி, தகரத்தைக் கையால் அடித்துக்கொண்டே ஓடினான். வலது முனை இடைவெளியில் ஒரு கையை முழங்கை வரை வெளியே நீட்டினான். நான் அந்தப் பக்கமாக ஒரு சாண் திருப்பித் தள்ளினேன். கை வெளியிலேயே நின்றுவிட்டது. விரல்கள் கொஞ்ச நேரம் மூடித் திறந்தன. அந்தச் சத்தத்தை நான் விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன், ரைட்டர் ஐயா சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

முக்கால் வந்ததும் வண்டியை நிறுத்தினேன். நான் மிருகம் இல்லை, சார். நிறுத்தி யோசித்தேன். அதற்குள் அவன் மிஷினைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு அவன் அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்திருந்தான். முக்காலோடு விட்டால் ஆள் பிழைப்பான், ஒரு கையில்லாமல், என்னைப் பற்றி ஊரெல்லாம் தப்பாகச் சொல்லிக்கொண்டு. மீதியையும் அடைத்தேன். பெட்டி மதிலைத் தொட்டபோது மணி இரண்டு பதினேழு. பிறகு பெட்டியை இரண்டடி பின்னுக்கு இழுத்துவிட்டு, கீழே இறங்கி, ஆள் இருந்தது தெரியாது என்று கத்தினேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். போர்டு இருந்தும் படுத்தான் என்று சூப்பர்வைசரே சொன்னார்.

வியாழக்கிழமை மூலக்கொத்தளம் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். போகாமல் இருப்பது முறையில்லை, போனேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இன்னா நைனா பண்ணுவ, அவன் விதி என்று அழுதது. வயசான மனுஷி. எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை.

திரும்பி வருகிற ஆட்டோவில் சில்வியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் சொன்னாள்.

"அந்த ஒயரைப் புடுங்கினது நான்தான்யா. ஆஸ்பத்திரில ஒண்டியா படுத்துகினு இருந்தப்பவே முடிவு பண்ணிட்டேன். நீ பீம்ராவ்கிட்ட கேட்டேன்னு பாய் நேத்துதான் சொன்னாரு. அவரு செத்தது ஆக்சிடென்ட்தானே? சொல்லுயா, ஆக்சிடென்ட்தானே?"

என் மனத்தில் அந்த வயர்தான் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் இஸ்திரிப்பெட்டி வயரைத் தாறுமாறாகச் சுற்றி வைப்பாள். ஒருநாள் கையைப் பிடித்து, எட்டு போல மடித்து நுனியை நடுவில் சொருகக் கற்றுக்கொடுத்தேன். பதினைந்து வருஷமாக அப்படித்தான் சுற்றுகிறாள். தினமும் என் கண் முன்னால்தான் சுற்றுகிறாள். எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

அதனால்தான் காலையில் எழுந்து குளித்து நேராக இங்கே வந்தேன். பீம்ராவ் அந்த பிளக்கைத் தொடவில்லை. அவன் உண்மையைத்தான் சொன்னான், நான்தான் நம்பவில்லை. அவன் ஒரு குற்றமும் செய்யாதவன் என்று எழுத்தில் வரவேண்டும். அவன் அம்மாவிடமும் யாராவது போய்ச் சொல்லவேண்டும். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் மேல்முறையீடு செய்யப்போவதில்லை. ஆள் மாறிப்போனது, அது என் பிழை.

ஹென்றி காலையிலிருந்து பதினோரு தரம் போன் செய்துவிட்டான். தங்கை போனை எடுக்கவில்லையாம். நீங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புவதானால் அனுப்புங்கள், சார், சாவி இந்தாருங்கள். ஆனால் ரைட்டர் ஐயா இந்தக் காகிதத்தில் சில்வியாவைச் சேர்க்க வேண்டியதில்லை. நான் தவறைத் திருத்தத்தான் வந்தேன். அவள் விஷயத்தில் தவறு ஒன்றும் நடக்கவில்லை.