ரோஸ்மேரியின் பட்டினிச் செடி

காலையில் ஒரு டம்ளர் காப்பி கிடைத்துவிட்டால் எனக்கு யார் மேலும் வருத்தம் கிடையாது. ரோஸ்மேரி மேலும் கிடையாது. மண்ணரையில் என் லைன் வீட்டில் குடியிருக்கிற பெண் அவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.

வால்பாறை எஸ்டேட்டில் இருக்கிற அவள் அம்மா ஒரு காட்டு ஆர்க்கிட்டைக் கொடுத்துவிட்டிருந்தாள். மழைக்காட்டு மரத்திலிருந்து முறிந்து விழுந்த கிளை. அதில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் இலை, மொட்டு, வெளியே தொங்கும் வெள்ளை வேர்கள்.

"மண்ணு எங்க கண்ணு?"

"மண்ணு வேண்டாம் ஆத்தா. காத்தையும் ஈரத்தையும் குடிச்சே வளரும்."

"மெதுவாப் பேசு. உங்க மொதலாளி காதுல உழுந்தா உங்களையும் அப்பிடியே வளத்தீருவான்."

சிரித்தாள். அவள் அம்மாவுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. முழுக்க இருட்டுவதற்குள் இது பூப்பதைக் காட்டிவிட வேண்டும் என்று அவளை அழைத்துவரப் பத்து நாள் லீவில் கிளம்பினாள். "தண்ணி மட்டும் தெளிங்க ஆத்தா. வேற ஒண்ணும் செஞ்சிராதீங்க. மண்ணுல வச்சா மூச்சு முட்டிச் செத்துரும்."

தெளித்தேன். அந்த வேர்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. முதலில் கொஞ்சம் சாணிக் கரைசல் விட்டேன். பிறகு காங்கேயத்துப் புண்ணாக்கு ஊறிய தண்ணீர். பிறகு கிளையிலிருந்து பிய்த்து, தொட்டியில் வைத்து, கழுத்துவரை செம்மண்ணால் மூடினேன். மூச்சு முட்டும் என்று அவள் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் குண்டடத்தில் வெங்காய வெள்ளாமை செய்தவள் நானா, அவளா?

மொட்டு உதிர்ந்தது. வேர் கூழாகிவிட்டது.

பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. அதனால் தைத்தேன். பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட்டிலிருந்து இதழுக்கு வெள்ளைத் துணி, இலைக்குப் பச்சை. சாயம் போகாததாகப் பார்த்தே எடுத்தேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. பழைய கிளையில் கட்டி உயரத்தில் தொங்கவிட்டேன்.

அம்மாவோடு வந்தவள் அண்ணாந்து பார்த்து அழுதாள். நாளெல்லாம் துணியில் ஓட்டை தேடுகிற கண், ஒரு தையலைக்கூடப் பிடிக்கவில்லை. அவள் அம்மா மங்கலாகத் தெரிந்த வெள்ளையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். இருவரும் தினமும் தண்ணீர் தெளித்தார்கள். எனக்கும் நிறைவாக இருந்தது.

போன வாரம் ஒரு நாள் அந்த அம்மா, தொட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். ரோஸ்மேரி இறக்கிக் கொடுத்தாள். இதழை விரலால் மெல்லத் தடவிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"ஏட்டி, இது ஓரம் அடிச்சுத் தச்ச பூவால்லா இருக்கு?"

ரோஸ்மேரி என் பக்கம் திரும்பினாள். "ஆத்தா, என் செடி எங்க?"

கேட்டால் மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. "அது அப்பவே செத்துப்போச்சு கண்ணு. நாந்தான் மண்ணுல மூடுனேன். எடுத்து முருங்கைக்கு எருவாப் போட்டுட்டேன். ஞாயித்துக்கெழமை அந்தக் காயில சாம்பார் வெச்சுக் குடுத்தனே, ரெண்டு பேரும் வாங்கி வாங்கித் தின்னீங்களே."

அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. செடியைப் பட்டினி போட்டவள் அவள். அதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.