ஒன்பது நாள் பிள்ளை

பாசிர் கூடாங்கிலிருந்து தொழிற்சாலைப் பேருந்து ஜொகூர் பாருவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில் சீருடையோடு இரண்டு பெண்கள். மூத்தவர் இளையவளின் கைப்பேசியில் அவளுடைய வருமான வரிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஒன்பது நாள் இருந்த பிள்ளைக்கும் வரிக் கழிவு உண்டா?”

மூத்தவரின் விரல் நின்றது.

“உண்டுலா. போன வருசம் பொறந்தவன்தானே, ஆபீஸ்ல கேட்டு வச்சிருக்கேன். நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான் அந்த இடத்தத் தாண்டிப் போனேன்.”

“தாண்டாதீங்க. பச்சப்பிள்ளைக்குக் கருமாதி கிடையாதுன்னுட்டாங்க. வீட்டுல படம்கூட மாட்டல. யாராவது கேட்டா பிள்ளை இல்லன்னே சொல்லிடுன்னு அத்தை சொல்றாங்க.”

“சரிம்மா, போடுறேன். வரி கொஞ்சம் குறையும்.”

“குறையாட்டியும் போடுங்க. இதுலயாவது ஒன்னுன்னு இருக்கட்டும்.”

மூத்தவர் திரையை மேலே நகர்த்தி, பிள்ளைகளின் எண்ணிக்கை கேட்கும் கட்டத்தில் நிறுத்தினார்.

“அடுத்த வருசம் போட முடியாதும்மா.”

“தெரியும்க்கா. போனக் குடுங்க, அத மட்டும் நானே போடுறேன்.”