காலூன்றாத ஏழு நாள்

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, இன்ஸ்பெக்டர் சார். சின்ன வயதில் வாய்ப்பு வரவில்லை, அப்புறம் கற்றுக்கொள்ள வெட்கமாகிவிட்டது. தோல் பதனிடுகிற டேனரிக்கு இருபது வருஷமாக நடந்தேதான் போய் வருகிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இருதயராஜ் மேல் எனக்குப் பொறாமை என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அவன் ஓட்டினான், நான் மைக் பிடித்தேன்.

அவன் கணுக்காலில் இருந்த காயம் எப்படி வந்தது என்று மட்டும்தான் நீங்கள் கேட்டீர்கள். நான் முழுவதையும் சொல்கிறேன். பாதி சொன்னால் பயந்துவிட்டேன் என்று ஆகும். ஆதிகேசவன் பயந்தான் என்று யாரும் சொல்லக் கூடாது.

எங்கள் ஊரிலிருந்து ஆம்பூர் ஆஸ்பத்திரி ஏழு மைல். எண்பத்திரண்டில், தை தொடங்கி சித்திரை முடிவதற்குள் மூன்று பொம்பளைகள் பிரசவ வலியோடு அந்த ரோட்டில் மாட்டு வண்டியிலேயே செத்தார்கள். கடைசியாகப் போனவள் கமலவேணி. மூன்றாம் நாள் அவள் புருஷன் டேனரிக்கு வேலைக்கு வந்து, நான் வருகைக் கணக்கு எழுதுகிற டைம் ஆபீஸ் ஜன்னலில் டோக்கன் கேட்டான். கொடுத்தேன். அன்றைக்கு மதியமே கமிட்டி ஆரம்பித்தேன். ஊரே சேர்ந்து ஒரு பிரசவ அறை கட்டிக் கொடுத்தால் நர்ஸைப் போடுகிறோம் என்று சர்க்கார் ஆபீஸில் சொன்னார்கள். என் வீட்டில் யாரும் அப்படிச் சாகவில்லை. சாவு விழுந்த வீட்டுக்காரன்தான் இதைச் செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இருதயராஜ் தானாகத்தான் வந்தான். சுண்ணாம்புத் தொட்டியில் தோல் இழுக்கிற வேலை அவனுக்கு. இருபத்தாறு வயது, தொடை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். பெண்டாட்டி ஆரோக்கியமேரிக்கு அப்போது ஆறு மாதம்.

“அண்ணே, வாலாஜாவுல ஒருத்தன் அஞ்சு நாள் கால் ஊணாம சைக்கிள் ஓட்டினானாம். நான் ஏழு நாள் ஓட்றேன். ஜனம் காசு போடும். மேரிக்கு ஆவணியில நாள் சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள ரூம் வந்துடுமா?”

“வந்துடும்டா” என்றேன். வந்தது. நான் சொன்ன வாக்கு தப்பியதில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்கூல் மைதானத்தில் ஆரம்பித்தான். மூங்கில் நட்டுக் கயிறு கட்டி வட்டம் போட்டிருந்தோம். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே. அசந்தால் இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார்கள். முதல் மூன்று நாள் அவன் சிரித்துக்கொண்டே ஓட்டினான். கைப்பிடியை விட்டுக் கும்பிடு போட்டான், பல்லால் கைக்குட்டையை எடுத்தான். கூட்டம் வந்தது, பார்த்தது, போனது.

நான்காம் நாள் மதியம் அவன் வாந்தி எடுத்தான். அன்று சாயங்காலம் மைதானம் கொள்ளவில்லை. குடியாத்தத்திலிருந்து தறிக்காரர்கள் லாரி பிடித்து வந்தார்கள். பொம்பளைகள் தோட்டைக் கழற்றி உண்டியலில் போட்டார்கள். நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். சிரிக்கிறவனுக்கு ஜனம் கைதான் தட்டும். கஷ்டப்படுகிறவனுக்குத்தான் கொடுக்கும். இது நான் உண்டாக்கின குணமில்லை.

அதற்கப்புறம் அவனுக்கு எலுமிச்சை ஜூஸை நிறுத்தினேன். தண்ணீரையும் கம்மி பண்ணினேன். வயிற்றில் நிற்கவில்லை என்று காரணம் சொன்னேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் கம்பவுண்டர் முனீர் அகமது வந்து பார்த்தார். அவன் மூத்திரம் டிகாஷன் நிறத்தில் போகிறது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “ஆதி, இது நல்லதுக்கில்ல. டாக்டர உடனே வரச் சொல்லு” என்று ஒரு சீட்டு எழுதி, பஸ்ஸில் ஆம்பூருக்குக் கொடுத்தனுப்பச் சொன்னார். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் அவர் கேட்டபோது, டாக்டர் வேலூர் போயிருக்கிறார், நாளை மறுநாள் வருவார் என்றேன். மைக்கில், வீரனின் உடல்நிலை பரிபூரண திருப்தி என்று அறிவித்தேன். என் குரல் அந்த நாட்களில் நன்றாக இருந்தது. மேல்விஷாரம் வரைக்கும் என்னைப் பற்றிப் பேசினார்கள்.

ஆறாம் நாள் அவன் கால் வீங்கி, பெடலில் நிற்காமல் வழுக்கியது. ஊன்றிவிட்டால் எல்லாம் போச்சு. டேனரி ஷாப்பிலிருந்து இரண்டு தோல் வார் கொண்டுவந்து காலைப் பெடலோடு நானே கட்டினேன். ஈர வார். காயக் காய இறுகும். இருபது வருஷம் டேனரியில் இருப்பவனுக்கு அது தெரியாமல் இருக்காது. பார்த்தவர்கள் பிடிப்புக்காக என்று நினைத்தார்கள். நீங்கள் கேட்ட காயம் அதுதான்.

கட்டும்போது அவன், “அண்ணே, முடியலண்ணே. எறக்கி வுட்ருண்ணே” என்றான்.

“இன்னும் ஒரு நாள்தான் தம்பி. மேரிய நெனச்சுக்கோ.”

“மேரிதாண்ணே எறங்கச் சொல்றா.”

ஆமாம், அவள் வந்தாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு கயிற்றுக்குள் நுழையப் பார்த்தாள். “அண்ணா, உங்க கால்ல வுழறேன். ரூமும் வேணாம், ஒண்ணும் வேணாம், அவர குடுத்துடுங்க” என்று அழுதாள். நான் அவளை மரியாதையாகக் கூட்டிப்போய் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பிறகு மைக்கில், வீரனை வாழ்த்த அவருடைய மனைவியே நிறைமாத வயிற்றோடு வந்திருக்கிறார், கண்ணில் ஆனந்தக் கண்ணீர் என்றேன். நிறைமாதம் இல்லை, ஆறு மாதம்தான். கூட்டம் கை தட்டியது. அவள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், கேட்கவில்லை. மைக் ஒன்றுதான் இருந்தது.

ஏழு நாள் முடிந்து, மறு ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்கூல் மணியை அடித்தார்கள். அவன் நிற்கவில்லை. கூடப் போனவர்கள் மாலை வாங்க ஓடிவிட்டார்கள். இவன் இன்னும் ஒரு சுற்று போனான். ஜனம் அதை வீரம் என்று நினைத்து விசில் அடித்தது. கால் கட்டியிருந்தது, ஊன்றி இறங்க அவனால் முடியவில்லை. அவ்வளவுதான். அரை சுற்று தாண்டி சைக்கிளோடு விழுந்தான். முதலில் ஓடியவன் நான். முதலில் வாரை அறுத்தேன், அப்புறம்தான் தண்ணீர் கேட்டேன். ஆம்பூர் போகிற வழியில், அதே ஏழு மைல் ரோட்டில், கார் டிக்கியில் மாலைகள் கிடக்க, ஆரோக்கியமேரி மடியில் போய்விட்டான்.

சாவுக்குக் காரணம் வெயில் என்று எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

அறை ஆவணி பிறந்ததும் திறந்தது. இந்த இரண்டு வருஷத்தில் அறுபத்தெட்டுக் குழந்தைகள் அங்கே பிறந்திருக்கின்றன. ஒரு தாய்கூடச் சாகவில்லை. அந்த அறுபத்தெட்டு வீட்டிலும் போய் என்னைக் கொலைகாரன் என்று சொல்லிப் பாருங்கள், எத்தனை பேர் கதவைத் திறக்கிறார்கள் என்று பார்ப்போம். ஆரோக்கியமேரி ஒருத்திதான் அங்கே வரவில்லை. வலி கண்டதும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு அந்த வழியாகவே ஆம்பூர் போனாள். வீம்பு. பிழைத்து வந்தது அவள் அதிர்ஷ்டம். இப்போது என் மேல் உங்களிடம் மனுக் கொடுத்திருப்பதும் அதே வீம்புதான்.

உங்கள் ஃபைலில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. ஐந்தாம் நாள் பகல் மேல்விஷாரத்து அப்துல் ஹமீத் பாய் காரில் வந்தார். இரண்டு டேனரிக்கு முதலாளி. கயிற்றுப் பக்கம் நின்று ஒரு சுற்றுதான் பார்த்தார்.

“இன்னாப்பா ஆதிகேசவா, பையன் மூஞ்சியப் பாத்தியா? எறக்கு அவன. ரூமுக்கு எவ்ளோ கொறையுதோ நான் குடுத்துடறேன். இப்பவே சொல்றேன், செங்கல்லுலேர்ந்து கதவு வரைக்கும் என் பொறுப்பு.”

“பாய், அவனே எறங்க மாட்டேங்கறான். வேண்டுதல். நடுவுல எறக்கினா மனசு ஒடஞ்சிடுவான்” என்றேன். பெரிய மனுஷர், நம்பினார். “அல்லா காப்பாத்தட்டும்” என்று சொல்லிவிட்டு மெட்ராஸுக்குப் போனார். போன வருஷம் அவரும் காலமாகிவிட்டார். இதைத் தெரிந்தவன் இப்போது நான் மட்டும்தான்.

வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கியிருந்தால் அது ஹமீத் பாய் கட்டின அறை. தர்மம் அவருக்குப் போயிருக்கும். ஊர் வேர்வை சிந்தி, ஊரே கட்டின அறை என்று ஆகியிருக்காது. அந்தப் பெருமை ஊருக்கு வேண்டும் என்றுதான் பார்த்தேன். எனக்கென்று ஒன்றும் இல்லை.

அறை வாசலில் பதித்த கல்லில் என் பெயர் மட்டும் இருக்கிறதே என்று நேற்று கான்ஸ்டபிள் கேட்டார். அது கமிட்டித் தீர்மானம், சார். வாசகத்தைத்தான் நான் எழுதிக் கொடுத்தேன்.